பட்டென்று அணையும் அவுட்போர்டு: ஸ்டேட்டர் மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: "ஃபைபர் படகில் 40 எச்.பி. டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு வைத்திருக்கிறோம். செல்ஃப் ஸ்டார்ட், ரிமோட் லிவர் உண்டு. சில நாள் அரை மணி நேரம் ஓடியதும் பட்டென்று அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. வேறு சில நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி புதிது. பிளக் மாற்றியாயிற்று, சி.டி.ஐ. (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டி) மாற்றியாயிற்று. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் நன்றாக ஓடுகிறது. அடுத்து ஸ்டேட்டர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஸ்டேட்டர், அதாவது என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் காயில் தட்டு, கெட்டிருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. விட்டுவிட்டு வரும் கோளாறில் பாகத்தை மாற்றிப் பார்ப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. புதுப் பாகம் போட்டதும் என்ஜின் சில நாள் ஒழுங்காக ஓடும். பாகத்தால்தான் ஓடியதா, அல்லது அதை மாட்டுவதற்காகக் கப்ளரை (ஒயர்கள் சேரும் சொருகியை)க் கழற்றிச் சொருகியபோது உள்ளே இருந்த களிம்பு உரசிப் போனதால் ஓடியதா என்று யாராலும் சொல்ல முடியாது. சி.டி.ஐ. மாற்றிய பிறகு கொஞ்ச நாள் தொந்தரவு இல்லாமல் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தது என்றால், மாற்றிய பாகத்தைவிட அது சொருகியிருந்த இடத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

உங்களிடம் இருப்பது இரண்டு புகார்கள். இரண்டையும் ஒரே நோயாக நினைப்பதால்தான் தேடல் திசை மாறுகிறது. செல்ஃப் 'டக்' என்று நிற்பது பேட்டரி சுற்றில் நடப்பது. ஓடும் என்ஜின் அணைவது பிளக்குக்குக் கரண்ட் போகும் சுற்றில் நடப்பது. உங்களுடையது போன்ற மேக்னெட்டோ சி.டி.ஐ. வகை டூ-ஸ்ட்ரோக்கில் இந்த இரண்டுக்கும் நேரடி உறவு கிடையாது. ஃப்ளைவீலின் உள்பக்கம் காந்தங்கள் இருக்கின்றன. அதற்கு அடியில் இருக்கும் தட்டில் சார்ஜ் காயில், பல்சர் காயில், லைட்டிங் காயில் என்று தனித்தனியாக இருக்கும். சார்ஜ் காயில் உண்டாக்கும் கரண்ட் சி.டி.ஐ.க்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சேர்கிறது. எப்போது விட வேண்டும் என்று பல்சர் காயில் சொல்கிறது. சொன்ன நொடியில் அது இக்னிஷன் காயில் வழியாகப் பிளக்கில் பொறியாகிறது. இந்தப் பாதையில் பேட்டரிக்கு வேலையே இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தாலும் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து கரைக்கு வந்துவிட முடிவது இதனால்தான். லைட்டிங் காயிலின் வேலை வேறு: ரெக்டிஃபையர் (ஏ.சி. கரண்டை டி.சி. ஆக்கும் பாகம்) வழியாகப் பேட்டரியைச் சார்ஜ் செய்வதோடு அது முடிந்தது.

ஆகவே புதுப் பேட்டரி போட்டது அணையும் கோளாறைத் தொடவே இல்லை. சி.டி.ஐ. மாற்றியது செல்ஃப் கோளாறைத் தொடவே இல்லை. அப்படியிருக்க இரண்டும் ஒரே காலத்தில் தொடங்கியிருந்தால், இரண்டு சுற்றும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும். சந்திக்கும் இடங்கள் மூன்றுதான். ஒன்று, சாவி சுவிட்ச். இரண்டு, ரிமோட்டிலிருந்து வரும் ஒயர்க் கட்டு என்ஜினில் சொருகும் பெரிய கப்ளர். மூன்று, எர்த்து ஒயர்கள் என்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய இடம். உப்புக்காற்று முதலில் கை வைப்பதும் இந்த மூன்றிலும்தான். நான் உங்கள் படகில் ஏறினால் முதலில் இந்த மூன்றையும்தான் திறப்பேன்.

அதற்கு முன்னால் காசில்லாத ஒரு சோதனை. அரை மணி நேரத்தில் அணைந்து, சற்று விட்டால் ஸ்டார்ட் ஆகும் என்ற அடையாளம் கரண்ட் கோளாறுக்கு மட்டும் உரியதல்ல. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். அது மூடியிருந்தாலோ, துளை உப்பால் அடைத்திருந்தாலோ, எண்ணெய் (பெட்ரோலைத்தான் இப்படிச் சொல்கிறேன்) குறையக் குறைய டேங்குக்குள் காற்று வெறுமையாகும். ஒரு கட்டத்தில் பம்பால் உறிஞ்ச முடியாமல் என்ஜின் நிற்கும். சும்மா விட்டால் மெல்லக் காற்று புகுந்து மறுபடி ஓடும். அசப்பில் நீங்கள் சொன்ன அதே கதை. அணைந்த உடனே டியூபில் இருக்கும் ரப்பர் பல்பைத் தொட்டுப் பாருங்கள். சப்பையாக ஒட்டிக் கிடந்தால் காற்று அடைப்பு, அல்லது டேங்குப் பக்கம் அடைப்பு. அமுக்கியதும் தொளதொளவென்று போனால் எங்கோ காற்று இழுக்கிறது. கெட்டியாக இருந்தால் பல்பு வரை எண்ணெய் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம்.

அணையும் விதத்தையும் கவனியுங்கள். எண்ணெய் வராமல் நிற்கும் என்ஜின் முதலில் திணறும், வேகம் ஏறி இறங்கும், பிறகு சாகும். பொறி அறுந்து நிற்கும் என்ஜின் சாவியைத் திருப்பி நிறுத்தியது போலச் சட்டென்று நிற்கும். நீங்களே 'பட்டென்று' என்று எழுதியிருப்பதால் கரண்ட் பக்கம் சாய்கிறேன். ஆனாலும் உறுதி செய்ய டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மினுக்கும் சோதனை விளக்கு) ஒன்றை இரவல் வாங்குங்கள். அதன் கவ்வியைப் பிளக் ஒயரின் மேல் மாட்டிவிட்டால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்ஜின் தடுமாறும் அந்த நொடியில் விளக்கு மினுக்குவது நின்றால் பொறி போயிற்று. ஃப்ளைவீல் சுற்றி நிற்கும் கடைசிச் சுற்று வரை மினுக்கிக்கொண்டே இருந்தால் கோளாறு எண்ணெய்ப் பக்கம். ஸ்டேட்டர் பேச்சையே விட்டுவிடலாம். இரண்டு பிளக் ஒயரிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டால் என்ஜின் குலுங்கும், வேகம் பாதியாகும், ஆனால் அணையாது. அப்போது அந்தப் பிளக், அதன் தொப்பி, அதன் ஒயர், அதன் காயில் என்று தேடலாம். இரண்டும் சேர்ந்து போனால் இரண்டுக்கும் பொதுவான இடம்: ஸ்டாப் சுற்று, சார்ஜ் காயில், சி.டி.ஐ., அவற்றின் எர்த்து. சில மாடல்களில் இரண்டு பிளக்குக்கும் ஒரே இக்னிஷன் காயில்தான்; அப்படியென்றால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொறி போகிறது என்று தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டாப் சுற்றைத்தான், ஸ்டேட்டரை அல்ல. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் பார்க்காமல் தாண்டிப் போகும் இடம் இதுதான்.

கார் சாவியை அணைத்தால் இக்னிஷனுக்குப் போகும் கரண்ட் துண்டாகிறது. உங்கள் என்ஜினில் நேர்மாறு. சி.டி.ஐ.யிலிருந்து ஒரு ஸ்டாப் ஒயர் சாவி சுவிட்சுக்கும், கையில் கட்டும் சிவப்புச் சுருள் கயிறு மாட்டியிருக்கும் கில் சுவிட்சுக்கும் போகிறது. சாவியை அணைக்கும்போது அந்த ஒயர் எர்த்தோடு சேர்கிறது. சார்ஜ் காயிலின் கரண்ட் பொறியாகாமல் எர்த்துக்கு ஓடிவிட, என்ஜின் நிற்கிறது. யமஹாவில் இந்த ஸ்டாப் ஒயர் வெள்ளை, எர்த்து கறுப்பு. மெர்குரியில் கறுப்பில் மஞ்சள் கோடு. வேறு கம்பெனி என்றால் அதன் ஒயரிங் படத்தைப் பாருங்கள், நிறத்தை ஊகிக்க வேண்டாம்.

ஆக, அந்த ஸ்டாப் ஒயர் வழியில் எங்காவது ஒரு நொடி எர்த்தைத் தொட்டால், நீங்கள் சாவியை அணைத்ததற்கும் அதற்கும் என்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது. ரிமோட் பெட்டிக்குள் லிவர் அசையும் இடத்தில் ஒயர் உரசித் தோல் போயிருக்கலாம். என்ஜினைத் திருப்பும்போது மடங்கும் இடத்தில் உள்ளுக்குள் வெடித்திருக்கலாம். கில் சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஸ்டாப் ஒயரில் ஓடுவது 12 வோல்ட் அல்ல, நூறு வோல்ட்டுக்கு மேல் போகும் துடிப்பு. 12 வோல்ட் விளக்கு ஒயரில் ஒன்றும் செய்யாத ஈர உப்புப் படலம் இந்த ஒயரில் கரண்டைக் கசியவிடப் போதும்.

உப்பைப் பற்றி ஒன்று. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே ஈரத்தை இழுத்துத் தண்ணீராகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் காய்ந்த காற்றிலும் பிசுபிசுக்கும். விடியற்காலையில் நம் கரையில் ஈரம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். உப்புப் படிந்த சுவிட்சும் கப்ளரும் அந்த நேரத்தில் கரண்டைக் கசியவிடும். வெயில் ஏறி என்ஜின் மூடி சூடானதும் காய்ந்து ஒழுங்காகிவிடும். காலை பத்து மணிக்கு மெக்கானிக் பார்க்கும்போது கோளாறு இருக்காது. அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. ஆகவே, கோளாறு வரும்போது நேரம் என்ன, மழையா, அலை மேலே தெறித்ததா, எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, எந்த வேகம், லிவரை அசைத்தீர்களா என்று ஃபோனில் குறித்து வையுங்கள். ஈரத்தில் மட்டும் வருவது கசிவு. சூட்டில் மட்டும் வருவது காயில் அல்லது சி.டி.ஐ. அலையில் குதிக்கும்போதும் லிவரை நகர்த்தும்போதும் வருவது ஒயர் அல்லது கப்ளர். நான்கைந்து குறிப்பு சேர்ந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்டாப் சுற்றைச் சோதிக்க, என்ஜின் நின்றிருக்கும்போது சி.டி.ஐ. அருகில் ஸ்டாப் ஒயரின் இணைப்பைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளக்கும் இடத்தில்) மிக உயர்ந்த அளவில் வைத்து, ரிமோட் பக்கம் போகும் முனைக்கும் என்ஜின் எர்த்துக்கும் நடுவில் பாருங்கள். சாவி 'ஆன்', கில் சுவிட்சில் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். மீட்டர் எதையும் காட்டக் கூடாது, முழுத் துண்டிப்பு. இப்போது ஒருவர் லிவரை முன்னும் பின்னும் தள்ளட்டும், என்ஜினை இடம் வலம் திருப்பட்டும், ஒயர்க் கட்டை அங்கங்கே வளைக்கட்டும். எண் எட்டிப் பார்த்தால் பிடித்துவிட்டீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் கில் சுவிட்ச், சாவி சுவிட்ச் மேல் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து மறுபடி பாருங்கள். கடலில் படும் பாட்டைக் கரையில் கொடுத்தால்தான் கடலில் காட்டும் குணத்தைக் கரையில் காட்டும். எண் எட்டிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்திவிடுங்கள்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஸ்டாப் ஒயரைக் கழற்றிய நிலையிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் ஜாக்கிரதை. அப்போது சாவியாலும் நிற்காது, கில் கயிற்றாலும் நிற்காது. சோக் இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். எண்ணெய் டியூபைக் கழற்றினால் கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடும். அதனால் கரையோரமாக, அலை இல்லாத நேரத்தில், மெதுவான வேகத்தில், இரண்டு பேராக, லைஃப் ஜாக்கெட்டோடு மட்டும் செய்யுங்கள். தண்ணீருக்குள் விழுந்தவரை நோக்கி ஆளில்லாத படகு சுற்றி வருவதைத் தடுக்க அந்தக் கயிற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. வழக்கமாக அணையும் நேரத்தைத் தாண்டியும் ஓடினால், சி.டி.ஐ., ஸ்டேட்டர், காயில் எல்லாம் நல்லவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகம் ஸ்டாப் சுற்றின் மேல்தான். சோதனை முடிந்த உடனே ஒயரை மாட்டுங்கள். "இப்படியே நல்லா ஓடுதே" என்று அப்படியே தொழிலுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கில் சுவிட்ச் விலை ஓர் உயிருக்கு ஈடில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஸ்டாப் ஒயரில் 12 வோல்ட் ஏறக் கூடாது. ஏறினால் சி.டி.ஐ. எரியும். கார் அல்லது டிராக்டர் சாவி சுவிட்சை மலிவு என்று வாங்கி மாட்டினால் இது நடக்கும், ஏனென்றால் அவற்றின் உள் இணைப்பே வேறு. சி.டி.ஐ. அடிக்கடி போகிற படகுகளில் சாவி சுவிட்சை யார் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஸ்டாப் சுற்று சுத்தம், ஆனாலும் சூட்டில் அணைகிறது என்றால் மட்டும் ஸ்டேட்டர் பக்கம் வாருங்கள். ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டியதில்லை. சார்ஜ் காயில், பல்சர் காயில் ஒயர்கள் சி.டி.ஐ.யில் சொருகும் கப்ளரில் வைத்தே ஓம்ஸ் அளக்கலாம். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு முறை அளந்து குறித்து வையுங்கள். பிறகு, அணைந்த உடனே, மூடியைத் திறந்து, சூடு ஆறுவதற்குள் மறுபடி. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 300 ஓம்ஸ் காட்டும் காயில் 80 டிகிரியில் சுமார் 360 காட்டும். இது இயற்கை, இதை வைத்துக் காயிலைக் குறை சொல்லக் கூடாது. குளிரில் சரியாக இருந்து சூட்டில் துண்டிப்புக் காட்டினால், அல்லது எண் நிலையில்லாமல் ஓடினால், உள்ளே சுற்றுக்கம்பி அறுந்து சூட்டில் விரிந்து விலகுகிறது. அப்போது ஸ்டேட்டர் மாற்றுங்கள், மனதாரச் சொல்கிறேன். சரியான அளவு மாடலுக்கு மாடல் வேறு. உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

ஓடும்போது சி.டி.ஐ.க்குள் போகும் வோல்ட்டை அளக்கச் சாதாரண மல்டிமீட்டர் உதவாது. அது துடிப்பாக வரும் கரண்ட், மீட்டர் அதைச் சராசரியாக்கித் தப்பான எண் காட்டும். உச்ச வோல்ட்டைப் பிடிக்கும் அடாப்டர் தனியாக உண்டு. ஸ்டேட்டர் கெட்டது என்று சொல்பவரிடம் அது இருக்கிறதா, எந்த எண் வந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சி.டி.ஐ.யை உறுதியாகச் சோதிக்க எளிய வழி இல்லை. மற்ற எல்லாம் சரியென்று அளந்து தெரிந்த பிறகு மிஞ்சுவதுதான் சி.டி.ஐ. அதை முதலில் மாற்றுவது வரிசையைத் தலைகீழாக்குவது. அதன் எர்த்து ஒயரை மட்டும் கழற்றி, போல்ட்டுக்கு அடியில் உள்ள இடத்தை உலோகம் மின்னும்வரை தேய்த்து மாட்டுங்கள். அங்கே பெயிண்டும் துருவும் சேர்ந்தால் பொறி இருக்கும், ஆனால் நோஞ்சானாக இருக்கும்.

இப்போது செல்ஃப். இதற்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்கிறேன். இதைச் சரியாகச் செய்தால் மற்றது தேவைப்படாது.

'டக்' சத்தம் வருகிறது என்றால் சாவி, நியூட்ரல் சுவிட்ச், ஃப்யூஸ் எல்லாம் வேலை செய்து ரிலே (செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரை கரண்ட் வந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் அவற்றைத் தேட வேண்டும். லிவரை நியூட்ரலில் மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் நியூட்ரல் சுவிட்ச் கோளாறு தானாகத் தெரியும். 'டடடட' என்று அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கலாம். உங்களுடையது ஒற்றை 'டக்'. ரிலேயை இழுக்கக் கொஞ்சம் கரண்ட் போதும், மோட்டாரைச் சுற்ற நூறு ஆம்பியர் அளவுக்கு வேண்டும். அந்தப் பெரிய கரண்ட் போகும் பாதையில் எங்கோ நெரிசல்.

அதை ஓம்ஸில் அளந்து கண்டுபிடிக்க முடியாது. 0.01 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியரில் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். மல்டிமீட்டரின் சொந்த ஒயரிலேயே அதைவிடப் பல மடங்கு தடை இருக்கிறது, அதனால் 'நல்ல இணைப்பு' என்றுதான் காட்டும். பேட்டரியை மட்டும் அளந்து 12.6 வோல்ட் இருக்கிறது என்பதும் விடை இல்லை. சுமை ஏறும்போது அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் குத்துங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். என்ஜின் பிடிக்காமல் இருக்க முன்கூட்டியே கில் கிளிப்பை எடுத்துவிடுங்கள். சில மாடல்களில் கிளிப் இல்லாமல் செல்ஃபும் சுற்றாது. அப்படியென்றால் பிளக் தொப்பிகளைக் கழற்றி, உள்ளே பழைய பிளக் சொருகி, என்ஜின் உலோகத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுச் செய்யுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் காற்றோட்டம் வந்த பிறகுதான். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் மைனஸ் பக்கம் தேவலை. 1 வோல்ட், 2 வோல்ட் காட்டினால் இந்தப் பாதையில் கரண்ட் தின்னும் இணைப்பு இருக்கிறது. இனி சிவப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, அதுதான். பிளஸ் பக்கமும் அதே மாதிரி: பேட்டரி பிளஸ் கம்பத்திலிருந்து ரிலே, ரிலேயின் இரு போல்ட்டுக்கு நடுவில், ரிலேயிலிருந்து மோட்டார். ரிலேக்கு உள்ளே உள்ள செம்புத் தட்டு கருகியிருந்தால் அதன் இரு போல்ட்டுக்கு நடுவில்தான் வோல்ட் தெரியும்.

மீட்டர் இல்லையென்றால், சில தடவை சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். 0.01 ஓம் இருக்கும் இடத்தில் 100 ஆம்பியர் போனால் 100 வாட் சூடு அங்கே இறங்கும். கெட்ட இணைப்பு கைக்குச் சுடும்.

சரி, கண்டுபிடித்துவிட்டீர்கள், பார்த்தால் அந்த முனை பளபளவென்று நன்றாக இருக்கும். ஏமாற வேண்டாம். வளைய முனைக்கும் ஒயருக்கும் இடையில் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் கீறித் திறந்து பாருங்கள். செம்பு இழைகள் கறுத்து, மேலே பச்சைத் தூள் அப்பி, விரலால் தேய்த்தால் இழை இழையாக உதிரும். வெளியே இரண்டு அங்குலம் தள்ளி வெட்டினாலும் உள்ளே கறுப்பாகவே இருக்கும். உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும். செம்பு நிறம் தெரியும்வரை வெட்ட வேண்டும். வெட்டி நீளம் பற்றவில்லை என்றால் ஒயரையே மாற்றுங்கள், நடுவில் ஒட்டுப் போடாதீர்கள்.

மைனஸ் கேபிளைச் சும்மா விடக் கூடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. தடித்த கேபிளில் வழி அடைபட்டால், அந்த நூறு ஆம்பியர் திரும்பிப் போக வேறு வழி தேடும். ஜி.பி.எஸ்., வி.எச்.எப். ரேடியோ பெட்டியின் மெல்லிய கறுப்பு ஒயர், ரிமோட்டின் இரும்பு கேபிள், கப்ளரில் இருக்கும் சின்ன எர்த்து ஒயர், எது கிடைத்தாலும் அதில் புகும். கப்ளரில் ஒரு ஊசி மட்டும் கருகி இருப்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நான் சொன்ன மூன்று சந்திப்பு இடங்களில் இரண்டு இங்கே ஒன்றாகக் கெடுகின்றன. செல்ஃப் கோளாறு வந்த கொஞ்ச நாளில் அணையும் கோளாறும் ஏன் வருகிறது என்பதற்கு உங்கள் படகில் இதுவே விடையாக இருக்கலாம்.

சார்ஜிங் பக்கம் சுருக்கமாக: ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஆர்.பி.எம். மீட்டர் பல மாடல்களில் லைட்டிங் காயிலிலிருந்துதான் சைகை எடுக்கிறது. என்ஜின் ஓடும்போதே மீட்டர் முள் பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் ரெக்டிஃபையர் பக்கம் பாருங்கள். ஓடும் என்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றவே கூடாது, பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டவும் கூடாது. இரண்டிலும் ரெக்டிஃபையர் போய்விடும்.

மண்ணெண்ணெயில் ஓட்டும் என்ஜினாக இருந்தால் ஒரு வார்த்தை. மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் பிளக்கில் கரி பிடித்து விட்டுவிட்டு இடிக்கும். கரண்ட் கோளாறு மாதிரியே இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபோர்-ஸ்ட்ரோக் இ.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எண்ணெய் தெளிக்கும் என்ஜின்) வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் எண்ணெய்ப் பம்பும் கம்ப்யூட்டர் பெட்டியும் பேட்டரி சுற்றை நம்பியிருப்பதால், நான் செல்ஃபுக்குச் சொன்ன வோல்ட் சோதனையே அணையும் கோளாறுக்கும் முதல் சோதனை.

பழுது பார்க்கும்போது வெள்ளீயம் பூசிய மரைன் ஒயர் வாங்குங்கள். வீட்டு ஒயரும் ஸ்கூட்டர் ஒயரும் கடலில் தாக்குப் பிடிக்காது. முனையை அதற்குரிய கருவியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், குறடால் நசுக்கக் கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஒயர் அந்த இடத்தில் விறைத்து, அதிர்வில் பக்கத்திலேயே ஒடியும். மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றினால் அது ஈரத்தை வெளியே விடாமல் உள்ளே பிடித்து வைக்கும். பேட்டரியில் பட்டாம்பூச்சி நட்டை எடுத்துவிட்டு, வாஷர் போட்ட சாதாரண நட்டு வைத்து ஸ்பானரால் இறுக்குங்கள். கிரீஸை உலோகம் உலோகத்தோடு இறுகிய பிறகு மேலே தடவுங்கள். கரைக்கு வந்ததும் மூடிக்குள் பிரஷர் பம்பால் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு, நீர் விரட்டும் ஸ்ப்ரே அடித்தால் போதும். கரையில் சோதனைக்கு ஓட்டும்போது டிரம்மில் தண்ணீர் நிரப்பியே ஓட்டுங்கள், இல்லையென்றால் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இறக்கை கொஞ்ச நேரத்திலேயே போய்விடும்.

கோளாறு தீர்ந்தது என்று உறுதியாகும்வரை தனியாகத் தொலைவு போகாதீர்கள். பாக் நீரிணையிலோ மன்னார் வளைகுடாவிலோ என்ஜின் நின்றால், நீரோட்டம் உங்களை எந்த எல்லைக்கு இழுத்துப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. துடுப்பும் நங்கூரமும் வேலை செய்யும் வி.எச்.எப்.பும் இருக்கட்டும். வி.எச்.எப்.புக்கு என்ஜின் பேட்டரியை நம்பாமல் தனியாக ஒரு சின்னப் பேட்டரி வையுங்கள். சேனல் 16, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நாளைக்கே செய்யக்கூடியது: டேங்க் காற்றுத் திருகு, பிறகு மைனஸ் பக்க வோல்ட், பிறகு ஸ்டாப் ஒயரின் ஓம்ஸ். இந்த மூன்றுக்கும் அரை நாள் போதும். வந்த எண்களையும், எந்த மாடல், எந்த வருடம் என்பதையும் எழுதி அனுப்புங்கள். சூட்டில் எடுத்த காயில் ஓம்ஸும் கூட இருந்தால் ஸ்டேட்டர் மாற்றலாமா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.